அக்-கூ விடுதியின் ஏழு தந்தையர்

எங்கள் வழக்கப்படி, மனிதனாகப் பிறந்தவன் தன் ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயர்களைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். விடுதியாகப் பிறந்தாலும் சொல்லத்தான் வேண்டும் என்று கண்டுபிடித்தது ஏரிக்கரைப் பாரம்பரிய மேம்பாட்டு வாரியம்.

அந்த வருடம் ஊரெங்கும் சரித்திர மோகம். ஜாம் பாட்டிலுக்குச் சரித்திரம் இருந்தது. முடிதிருத்துபவரின் கத்தரிக்கோலுக்கு இருந்தது. இசிக்-குல் ஏரியின் வடகரையிலேயே பெரிய கட்டடமான எங்கள் அக்-கூ விடுதிக்கு மட்டும் இல்லை. நான் அங்கே தலைமைச் சமையல்காரன், பெயர் சோரோபாய். எங்கள் நிர்வாகி புருல்சுன் அக்காவுக்குச் சரித்திரத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. அவள் கவலையெல்லாம் கொதிகலன்தான். அது போன குளிர்காலத்திலேயே உயிரை விட்டிருந்தது. எங்கள் ஏரி எந்தக் குளிரிலும் உறையாது. அறைக்குள் இருக்கும் விருந்தாளிதான் உறைவார். இந்த முறையும் குழாயில் வெந்நீர் ஓடாவிட்டால் விடுதியை மூடிவிடுவார்கள். அங்கே வேலை பார்க்கும் ஊர்ப் பெண்களெல்லாம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கொதிகலன் வேண்டும் என்று அக்கா முறையிட்டாள். கொதிகலனுக்குப் பதிலாக வாரியத்திலிருந்து தோரோன்பெக் என்ற ஆய்வாளர் வந்தார். தலையில் உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி. அதைக் கழற்றாமலேயே கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த விடுதியோட அப்பா யாரு?"

"சோவியத் காலத்துல ஒரு தொழிற்சங்கம் கட்டுச்சுங்க" என்றாள் அக்கா.

"தாத்தா?"

"அதுக்கு முன்னாடி இங்க வெறும் முள்ளுப்புதர்தான்."

"புதரையெல்லாம் தாத்தான்னு ஏத்துக்க முடியாதும்மா. ஏழு பேர் வேணும். பூர்வீகம் தெரியாத விடுதிக்குக் கொதிகலனைக் கொடுத்துட்டு நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட ஊருக்குள்ள நடக்கறது?"

ஆகவே வரலாற்று அறிஞர் இஸ்மானாலி வரவழைக்கப்பட்டார். அவர் முன்பு கால்நடைத் துறையில் பந்தயக் குதிரைகளுக்கு வம்சாவளி தயாரித்துக்கொண்டிருந்தவர். கட்டடம் உதைக்காது என்பதால் இந்தத் துறைக்கு மாறியிருந்தார். பெரிய விருந்தாளிக்குரிய ஆட்டுத்தலையை அவித்து அவர் முன் வைத்தேன். ஒரு காதை அறுத்து முடிப்பதற்குள் விடுதிக்கு நாலு தந்தையர் பிறந்துவிட்டார்கள். தொழிற்சங்கத்துக்கு அப்பன் தபால் குதிரை லாயம், லாயத்துக்கு அப்பன் வணிகர் சத்திரம் என்று ஏறிக்கொண்டே போய், ஏழாவதாக ஒரு செல்வந்தரின் வெள்ளைக் கூடாரத்தில் வந்து நின்றது. பல்வலியோடு வந்த கான் ஒருவர், அந்தக் காலத்து அரசர், அந்தக் கூடாரத்தில்தான் தங்கினாராம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, இந்தக் கரை செழிக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாராம்.

வாரியம் மகிழ்ந்தது. வாசலில் பித்தளைத் தகடு பதித்தார்கள். கூடத்தில் ஏழு தந்தையரின் படங்களை வரிசையாக மாட்டினார்கள். "இன்று முதல் இவ்விடுதி அநாதை அல்ல என்பதை இத்தருணத்தில் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று தோரோன்பெக் பேசியபோது விருந்தாளிகள் வெகுநேரம் கைதட்டினார்கள். குளிருக்கு அது இதமாகவும் இருந்தது.

விழா முடிந்ததும் அக்கா கேட்டாள். "கொதிகலன் எப்பங்க வரும்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? பாரம்பரியச் சின்னத்துக்குள்ள புதுச் சாமானை வைக்கலாமா? சட்டம் இருக்குல்ல?"

அக்கா அசரவில்லை. பக்கத்து அல்தின்-கும் விடுதியில் வெந்நீர் வீணாகிக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகி கச்கின்பாய் நல்ல மனிதர். "மதிலுக்கு மேல ஒரு குழாயைப் போட்டுக்க புருல்சுன், இதுக்கெல்லாம் யாரைக் கேக்கணும்?" என்றார். தோரோன்பெக்கைக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தால்தான் குழாய் மதிலைத் தாண்டலாம் என்றார் அவர்.

"இணைப்புன்னா சம்பந்தம் மாதிரி. ரெண்டு தரப்பும் ஏழு தந்தையரைச் சொல்லுங்க."

அக்கா சொன்னாள். பிறகு கச்கின்பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். லாயம் வந்தது. சத்திரம் வந்தது. வெள்ளைக் கூடாரமும் வந்தது.

"இருங்க. உங்க கானுக்கும் பல்வலியா?" என்றார் தோரோன்பெக்.

"கடைவாய்ப் பல்லுங்க."

"உங்களுக்கு இதை எழுதிக் கொடுத்தது யாரு?"

"இஸ்மானாலி ஐயாதான்."

தோரோன்பெக் தொப்பியைக் கழற்றினார். "ஒரே ரத்தம். ஏழு தலைமுறைக்குள்ள சம்பந்தம் பண்ணக் கூடாது. நல்லவேளை, குழாய் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது."

"ஐயா, இது கல்யாணம் இல்ல, குழாய்!" என்று கத்தினாள் அக்கா. "அந்த ஏழு பேரும் பொய். ஊருக்கே தெரியும்!"

"அப்படியா? ஊர் வந்து சொல்லட்டும். இப்பவே தகட்டைக் கழட்டிடறேன்."

அக்கா ஊரைக் கூட்டினாள். கூடம் நிறைந்தது. ஒரு பெரியவர் எழுந்தார்.

"அந்தக் கானோட குதிரையைப் பிடிச்சவரு என் கொள்ளுத்தாத்தாவோட அப்பன். அவரையும் பொய்ங்கிறியா?"

இன்னொருவரின் மூதாதை கானுக்கு வெந்நீர் காய்ச்சிக் கொடுத்திருந்தார். வேறொருவரின் முன்னோர் தலையணை தந்திருந்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"சோரோபாய், நீயாவது சொல்லுடா. உன் கண்ணு முன்னாடி இஸ்மானாலி ஆட்டுக்காதை மென்னுக்கிட்டே சொன்னதுதானே இதெல்லாம்?"

எனக்கு அக்காமேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பல்லைப் பிடுங்கியவர் எங்கள் வம்சத்தார் என்று இஸ்மானாலி என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். போய்ச் சேர்ந்த ஒரு பெரிய மனிதரை, வெறும் குழாய்க்காக நான் எப்படி விட்டுக்கொடுப்பது?

தோரோன்பெக் எங்கள் வேர்ப்பற்றைப் பாராட்டினார். உறவே இல்லாத ஒரு தரப்பைத் தானே தேடித் தருவதாக வாக்களித்தார். சொன்னபடியே தலைநகரிலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டி வந்தார். அது பதிவாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு அப்பனும் இல்லை, தாத்தாவும் இல்லை. யாருக்குச் சொந்தம் என்று அதன் ஆட்களுக்கே தெரியவில்லை. இவ்வளவு சுத்தமான சம்பந்தத்தை வாரியம் இதுவரை கண்டதில்லையாம். அன்றே இணைப்பு முடிந்தது. குதிரை இறைச்சி போட்டு நானே விருந்து சமைத்தேன்.

இணைந்தபின் விடுதி புகுந்த வீட்டைச் சேர்ந்ததாகிவிட்டது. கம்பெனிக்குப் பாரம்பரியம் இல்லை, ஆகவே விடுதிக்கும் இனி இல்லை, ஆகவே கொதிகலன் வைக்கத் தடையும் இல்லை. கொதிகலன் தலைநகரிலிருந்து வந்தது. அதே லாரியில் வேலையாட்களும் வந்தார்கள். அக்காவையும் பெண்களையும் என்னையும் வெளியே அனுப்பி, ஏரி வரைக்கும் வேலி போட்டார்கள். கூடத்துப் படங்களை மட்டும் அழகுக்கு வைத்துக்கொண்டார்கள்.

முதல் பனி விழுந்த அன்று ஊரே வேலிக்கு வெளியே நின்று ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்தாள்.

"உங்க முன்னோரெல்லாம் உள்ள கதகதன்னு இருக்காங்க. நீங்க போய் வறட்டி அடுக்குங்க."

ஒரு பெண் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று நாங்கள் அங்கேயே நின்று ஒருமனதாகக் கண்டனம் தெரிவித்தோம். பிறகு வீட்டுக்குப் போய் வறட்டி அடுக்கினோம்.