மௌன அஞ்சலியில் ஒரு 'மொஷி மொஷி'

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேல பாத்தவனுக்கு அமைதி ஒத்துக்காது. மத்தவங்களுக்கு அமைதின்னா நிம்மதி. எங்களுக்கு அமைதின்னா லைன் சும்மா கெடக்குதுன்னு அர்த்தம். ரெண்டு பேரு பேசிக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு சத்தத்தையே காணோம். ஒடனே நாங்க நடுவுல பூந்து, "பேசி முடிச்சாச்சா?"ன்னு கேக்கணும். பதில் வரலேன்னா பிளக்கைப் புடுங்கிரணும். (இந்தப் பழக்கம் என் கல்யாணத்துல கொண்டுபோய் மண்ண வாரிப் போட்ட கதையத்தான் சொல்லப் போறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். என் பொண்டாட்டி இருவது வருஷமா சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.)

மலாய் நாட்ட ஜப்பான்காரன் புடிச்சு ஆண்ட காலம். நான் காஜா பெராங்குல இருந்து டவுனுக்கு சைக்கிள்ல வேலைக்குப் போவேன். டயர் கெடைக்காது. சக்கரத்துல தோட்டத்து ரப்பர் குழாயச் சுத்திக் கம்பியால கட்டியிருந்தேன். ஆபீஸ் போய் நாற்காலியில உக்காந்த பின்னாடியும் கொஞ்ச நேரத்துக்கு ஒடம்பு ஆடிக்கிட்டே இருக்கும்.

சுவிட்ச்போர்டுல சொல்ல வேண்டியத மட்டும் எங்களுக்கு ஜப்பான் பாஷையில சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஹலோவுக்கு "மொஷி மொஷி." பேசி முடிச்சாச்சான்னு கேக்க "ஓவாரிமாஷ்தா கா?" லைன்ல வேற யாரோ பேசுறாங்க, அப்புறம் கூப்புடுங்கன்னா "ஓஹனாஷிச்சூ தேஸ்." நான் இதுங்கள ராகம் போட்டுச் சொல்லுவேன். அதனால ஆபீஸ்ல எனக்கு 'பாஷை தெரிஞ்ச புள்ள'ன்னு பேரு. நானும் வேணாம்னு சொல்லல.

அப்பத்தான் எனக்குக் கல்யாணம் பேசினாங்க. பொண்ணு ராஜம், எங்க ஹெட் ஆப்பரேட்டர் மாசிலாமணி ஐயாவோட மக. எல்லாருக்கும் சம்மதம். வருங்கால மாமியாருக்கு மட்டும் ஒரே ஒரு நிபந்தனை.

"மரவள்ளிக்கிழங்க அவிச்சு வச்சு என் மகளுக்குக் கல்யாணமா? இலையில சோறு விழணும். அப்புறந்தான் கழுத்துல தாலி விழும்."

சோத்துக்கு எங்க போறது? காலையில கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி காலையில மிஞ்சின கிழங்கு. சட்டைக்குக் கஞ்சி போடுறதும் கிழங்கு மாவுலதான். அரிசியெல்லாம் 'குமியாய்' கையில இருந்துச்சு. குமியாய்ன்னா ஜப்பான்காரன் ஏற்பாட்டுல நடந்த யாவாரிங்க சங்கம். எந்தச் சரக்கும் அது வழியாத்தான் வரும், அதுல இருக்கிறவனுக்குத்தான் மொதல்ல கெடைக்கும்.

மாசிலாமணி ஐயாதான் வழி கண்டுபுடிச்சாரு.

"ஏன் தம்பி, அரிசிக்கடை ஒரு தொழில், எண்ணெய்க்கடை ஒரு தொழில். டெலிபோன் மட்டும் என்ன, தொழில் இல்லியா? நம்ம ஆபீஸும் சங்கத்துல சேரட்டும். யாவாரிங்க கூப்புட்டா மொதல்ல லைன் குடுப்போம். பதிலுக்கு நம்ம ஆளுங்களுக்கு அரிசிப் பங்கு. எப்படி?"

எங்க ஜப்பான் மேலதிகாரி தலையாட்டிட்டான். சங்கத் தலைவர் காதர் ராவுத்தருக்கும் சந்தோஷம். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுல அவருக்கு மளிகைக் கடை. சிங்கப்பூருக்கு லைன் கேட்டுக் கேட்டே பாதித் தாடி நரைச்ச மனுஷன். இனி சங்கக் கூட்டத்துக்கு வர்ற ராணுவ அதிகாரி சரின்னு சொல்லணும், அவ்வளவுதான். ஆபீஸ் சார்பா போய் நிக்க ஒரு ஆளு வேணும்.

எல்லாரும் பாஷை தெரிஞ்ச புள்ளயப் பாத்தாங்க.

பொறப்படுற அன்னிக்கு எக்ஸ்சேஞ்சே வாசல்ல வந்து நின்னுச்சு. ஒருத்தன், "பச்சரிசியா இருந்தாலும் பரவால்ல, வாங்கிட்டு வந்துரு"ன்னான். ராஜமும் அவ அப்பாவோட வந்திருந்தா. என் சட்டைக் காலரைப் பாத்துச் சிரிச்சா. (கிழங்குக் கஞ்சி கொஞ்சம் ஓவரா ஏறி, கழுத்தத் திருப்ப முடியாம நின்னுக்கிட்டிருந்தேன்.)

பண்டார் ஹிலிர்ல ஒரு மண்டபம். சீன மொதலாளிங்களான தவுக்கேங்க, செட்டியாருங்க, மரைக்காயருங்க, எல்லாரும் அடக்க ஒடுக்கமா வரிசையா நிக்கிறாங்க. மேடையில நீளமான வாளோட ராணுவ அதிகாரி. ஜப்பான் பேரரசர் இருக்கிற கெழக்குப் பக்கம் திரும்பிக் குனிஞ்சோம். அது எனக்குத் தெரியும். அப்புறம் அவன், "மொக்குத்தோ!"ன்னு ஒரு கத்துக் கத்தினான். அது சுவிட்ச்போர்டு பாடத்துல இல்ல.

பக்கத்துல ராவுத்தர் மெதுவா, "சண்டையில செத்த வீரருங்களுக்கு மௌன அஞ்சலி தம்பி. கண்ண மூடி, தலையக் குனி, வாயத் தொறக்காத"ன்னாரு.

கண்ண மூடினேன். தலையக் குனிஞ்சேன். காலரு தொண்டையக் குத்துச்சு.

ஒரு சத்தமும் இல்ல. விசிறி ஓடல. யாரும் இருமல. இருட்டு, அதுக்குள்ள அப்படி ஒரு அமைதி. கொஞ்ச நேரத்துல நான் எங்க நிக்கிறேங்கிறதே மறந்துபோச்சு. காதுல ஹெட்போன் இருக்கிற மாதிரியே ஒரு நெனப்பு. லைன் ரொம்ப நேரமா சும்மா கெடக்குதே...

மண்டபமே அதிர்ற மாதிரி, ராகத்தோட கேட்டேன்:

"மொஷி மொஷி! ஓவாரிமாஷ்தா கா?"

கண்ணத் தொறந்தா, எல்லாரும் கண்ணத் தொறந்திருந்தாங்க. பின்வரிசையில ஒரு தவுக்கே சிரிப்ப அடக்கப் போய், அது மூக்கு வழியா வந்துருச்சு. அதிகாரி மேடையில இருந்து எறங்கி வந்தான். வாள் அவன் காலுல தட்டித் தட்டிச் சத்தம் போட்டுச்சு. கல்யாணத்துக்கு அரிசி வேணுமேன்னு வந்தவன், எனக்கே வாய்க்கரிசி போட்டுருவாங்க போலன்னு நெனச்சேன்.

பளார்!

ஒரே அறைதான். காலருக்கு மொதத் தடவையா வளைவு வந்துச்சு.

ராவுத்தர் முன்னால பாஞ்சாரு. மலாய்லயே சொன்னாரு: "துவான், மன்னிக்கணும்! பய டெலிபோன் ஆபீஸ். பக்தி முத்திப் போயி, வீரருங்களோட ஆவிக்கே போன் போட்டுட்டான்!"

அதிகாரிக்கு மலாய் புரியும். ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. மொகம் லேசா எளகுச்சு. ராவுத்தர் எனக்குக் கண்ணக் காட்டினாரு. பொழச்சோம்டான்னு நெனச்சேன். அதோட விட்டிருக்கலாம். அவன் என் மொகத்துக்கிட்ட குனிஞ்சு, உண்மையாவே தெரிஞ்சுக்கிற ஆசையோட கேட்டான்:

"பதில் சொன்னாங்களா?"

"சொன்னாங்க துவான், பேரரசர் வாழ்கன்னு சொன்னாங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே அரிசி மூட்ட வண்டியில ஏறியிருக்கும். எனக்கு மூள அந்த எடத்துல இல்ல. வாய் மட்டுந்தான் இருந்துச்சு. அதுக்குத் தெரிஞ்சது சுவிட்ச்போர்டு. தேன் ஒழுகுற கொரல்ல அதுவே சொல்லிருச்சு:

"ஓஹனாஷிச்சூ தேஸ்."

லைன் பிஸி. அப்புறம் கூப்புடுங்க.

ராவுத்தர் ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டாரு. எனக்கு மறு கன்னத்துலயும் விழுந்துச்சு. (இப்ப காலர் ரெண்டு பக்கமும் சமமா இருந்துச்சு.) அஞ்சலிய மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவ நேரத்த நீட்டிட்டான். கெழட்டுத் தவுக்கேங்க முட்டி வலியோட நின்னுக்கிட்டே, மூடின கண்ணுக்குள்ள இருந்து என்னை மொறச்சாங்க. கடைசியில எங்க விண்ணப்பம் வந்துச்சு. அதிகாரி ஒரே வார்த்தையில முடிச்சான்:

"லைன் கெடைக்காத ஆபீஸுக்கு அரிசி எதுக்கு?"

வெறுங்கையோட திரும்பினேன். வாசல்ல சாக்குப் பையோட நின்னுக்கிட்டிருந்தவங்க, என் ரெண்டு கன்னத்தையும் பாத்துட்டு சாக்கச் சுருட்டிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. ராஜம் வீட்டுல மாமியார், "சோறு இல்லேன்னா கல்யாணமும் இல்ல"ன்னு எழுந்து நின்னாங்க.

ராஜந்தான் வாயத் தொறந்தா. "அம்மா, அரிசிக்காகக் காத்திருந்தா இவரு இன்னும் எத்தன பேருகிட்ட அடி வாங்குவாரோ! மொகத்துல எடம் மிச்சம் இருக்கும்போதே கட்டி வச்சுரு."

கட்டி வச்சாங்க. கிழங்கத் துருவி, ஆவியில வேக வச்சு, சோறு மாதிரியே இலையில போட்டாங்க. கிழங்குக் கூட்டு, கிழங்கு அப்பளம், கிழங்குப் பாயாசம். பந்தியில யாரும் ஒரு வார்த்த பேசல. எல்லாரும் குனிஞ்சு மென்னுக்கிட்டே இருந்தாங்க. திடீர்னு கடைசி இலையில இருந்து ராவுத்தர் கொரல்: "மொஷி மொஷி! ஓவாரிமாஷ்தா கா?" பந்தல் இடிஞ்சு விழுற மாதிரி சிரிச்சாங்க. மாமியார் மட்டும் சிரிக்கல. சாகுற வரைக்கும் எனக்குச் சோறு போடும்போதெல்லாம், "இது அரிசி மாப்ள, நல்லாப் பாத்துக்குங்க"ன்னு சொல்லித்தான் போடுவாங்க.

போன மாசம் அவங்க போய்ச் சேந்துட்டாங்க. இரங்கல் கூட்டத்துல, "எல்லாரும் எழுந்து நின்னு மௌனமா..."ன்னு தலைவர் ஆரம்பிச்சதும் சொந்தக்காரங்க அத்தன பேரும் என்னைத்தான் பாத்தாங்க. ராஜம் என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு சத்தம் வரல. முடிஞ்சு உக்காந்ததும் அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு எங்கிட்ட குனிஞ்சா.

"இன்னிக்குப் பாத்து சும்மா நின்னுட்டீங்களே. ஒரு போன் போட்டு, அங்க சோறு போடுறாங்களான்னு அம்மாகிட்ட கேட்டிருக்கலாம்ல?"