சுங்குவார்சத்திரத்தில் குனிந்த கார்

சுங்குவார்சத்திரத்தில் ஒரு கார் சாமியாரைக் கும்பிடுகிறது என்ற செய்தி ஒரகடம் வரைக்கும் பரவியது. "அப்படியா?" என்று யாரும் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றார்கள். போதாதா? ஷிப்ட் முடிந்தவர்கள் ரூமுக்குப் போகவில்லை. ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் கம்பெனிக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஊர்ப் பெயரையே விட்டுவிட்டு "சாமி ஸ்டாப், சாமி ஸ்டாப்" என்று கூவினார்கள். ஹைவே ஓரத்தில், பரோட்டா கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் காவியும் கூலிங் கிளாஸுமாகச் சக்கரானந்தா சுவாமிகள். போன வருஷம் வரை புது வண்டிகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தவர். இப்போது நேராகக் கடவுளுக்கு அடுத்த சீட்டு.

விஷயம் இதுதான். ஒரு பெரிய கறுப்புக் கார் கொட்டகைக்கு எதிரே வந்து நிற்கும். சுவாமிகள் கையை உயர்த்தி, "வாகனமே, உன் எதிர்ல நிக்கிறது யார்னு தெரியுதா?" என்பார். கார் உஸ்ஸென்று பெருமூச்சு விடும். சக்கரங்கள் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் மெல்லக் கீழே இறங்கும். கூட்டம் அதைவிடக் கீழே இறங்கும்.

அப்புறம் வியாபாரம். சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு பழைய நட்டு. பக்கத்துப் பஞ்சர் கடைக் குப்பையில் பொறுக்கியது. அதற்குப் பெயர் சக்கரக் காப்பு. "இதைக் கட்டுன வண்டி விழாது. பிரேக் புடிச்சாலும் சரி, புடிக்கலேன்னாலும் சரி" என்பார் சுவாமிகள். இரண்டாயிரம் கோடியில் தொழிற்சாலை வைத்து வண்டி செய்கிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாமல் போய்விட்டது பாருங்கள்.

காரின் சொந்தக்காரர் வடக்குப்பட்டு ஏகாம்பரநாதன். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல்கள் கட்டி, மிச்சத்தில் அந்தக் காரை வாங்கினார். மலை ஏறும், பாலைவனத்தில் பாயும், ஆற்றைக் கடக்கும் என்று சொல்லி விற்றார்கள். வடக்குப்பட்டில் மலையும் கிடையாது, பாலைவனமும் கிடையாது. டிரெய்லர் லாரியும் வேகத்தடையும் உண்டு. ஏகாம்பரநாதனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின் சீட்டில் உட்காரத் தெரியும். முன் சீட்டுக்கு டிரைவர் பலராமன்.

தினமும் அந்தக் காரை உண்மையில் ஓட்டியது அவர் மனைவி காந்திமதி. விடிந்ததும் இட்லி மாவு டிரம், அப்புறம் காய்கறி மூட்டை, அப்புறம் ஹாஸ்டல் பெண்கள் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் நின்று கம்பெனி பஸ்கள் முனகிக்கொண்டு நிற்கும்போது, பெண்களை ஏற்றிக்கொண்டு காந்திமதி அந்தத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவார். ஆற்றைக் கடக்கும் என்று சொன்னது அந்த நாட்களில்தான் உபயோகப்பட்டது. வெளிநாட்டுத் தோல் சீட்டில் மாவு வாசனை ஏறிவிட்டது. காந்திமதி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கார் என்றால் சுமக்கத்தானே.

கார் குனிந்த முதல் நாளே ஏகாம்பரநாதன் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். "காந்தி, நம்ம வண்டி சாமியைப் பாத்துக் குனிஞ்சுது. என் கண்ணால பாத்தேன்."

"எனக்குக் கூடத்தான் தினம் குனியுது" என்றார் காந்திமதி. "நான் குள்ளம். ஏற முடியலேன்னு சாவியில கீற பட்டனை அமுக்குவேன். காத்து எறங்கும், வண்டி தாழும். வாங்கச்சொல்லோ ஷோரூம்காரர் காட்டினாரே. நீங்க அப்போ ஜூஸ் குடிச்சிகினு இருந்தீங்க."

"நீ இந்த வூட்டு லட்சுமி. அதான் உனக்கும் குனியுது."

முடிந்தது விவாதம். காந்திமதி சிரித்துவிட்டு மாவு அரைக்கப் போனார். காரின் இரண்டாவது சாவி காணாமல் போனதைப் பற்றியும் அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அதை ரொம்ப அக்கறையாகத் தேடியவர் பலராமன்.

சில வாரங்களில் சுவாமிகளுக்குப் புது அருள்வாக்கு வந்தது. "ஏகாம்பரம், இது இனிமே உன் வண்டி இல்ல. என் வாகனம். வர்ற ஞாயித்துக்கெழமை சமர்ப்பணம் பண்ணிடு." தெய்வத்துக்கு எப்போதும் டாப் மாடல்தான் பிடிக்கிறது. ஏகாம்பரநாதன் தலையாட்டிவிட்டார்.

அந்த வாரம்தான் இசக்கி அழுதுகொண்டு ஹாஸ்டல் சமையல் கூடத்துக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. அவள் தம்பி மணிகண்டபிரபு வாலாஜாபாத் ரோட்டில் பைக்கோடு விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

"பிரேக்கு ஒயரு அந்துபோற மாரி இருக்கு, மாத்துலேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்க்கா. அதான் காப்பு கட்டியாச்சுல்லா, ஒயரு எதுக்குங்கான். லாரி மட்டும் பின்னால வந்திருந்தா…"

"இப்போ இன்னா சொல்றான்?"

"காப்பு இருந்ததாலதான் கையோட போச்சாம். இல்லேன்னா உசுரே போயிருக்குமாம். சாமி சொன்னாராம்."

காந்திமதிக்கு அதுவரை அது வீட்டுக்காரரின் அசட்டுத்தனம், அவ்வளவுதான். இப்போது கரண்டியைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழமை என்கூட வா. அவனையும் கூட்டிகினு வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை முன்னால் தலைகளாகத் தெரிந்தது. காருக்கு மாலை போட்டிருந்தார்கள். ஏகாம்பரநாதன் பட்டு வேட்டியில் கைகட்டி நின்றார். பலராமன் வழக்கம்போல் கூட்டத்தின் ஓரத்தில், பேன்ட் பாக்கெட்டில் ஒரு கையோடு நின்றார்.

காந்திமதி பெரிய பழத்தட்டோடு வந்தார். தேங்காயும் வாழைத்தாருமாக நல்ல கனம். நேராகப் பலராமனிடம் போய், "ரெண்டு கையாலயும் புடி. சாமிக்குப் படைக்கிறது, கீழ வெக்கக் கூடாது" என்றார்.

பலராமன் பிடித்தார். வேறு வழி இல்லை.

"சாமி, ஆரம்பிக்கலாமே" என்றார் காந்திமதி.

சுவாமிகள் கையை உயர்த்தினார். "வாகனமே, உன் எதிர்ல நிக்கிறது யார்னு தெரியுதா?"

காருக்குத் தெரியவில்லை.

இன்னும் சத்தமாகக் கேட்டார். கார் அப்படியே நின்றது. பலராமன் நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கக் கை இல்லை. சுவாமிகள் அவரையே முறைத்தார். பலராமன் தட்டையே பார்த்தார்.

"கூட்டத்துல யாரோ தீட்டோட வந்துகீறாங்க" என்றார் சுவாமிகள்.

"இருக்கட்டும் சாமி, நான் ஒரு தபா கூப்ட்டுப் பாக்கறேன்" என்ற காந்திமதி, தன் கையிலிருந்த சாவியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து அமுக்கினார். உஸ்ஸ். கார் பணிவாகத் தாழ்ந்தது. அதன் எதிரே அப்போது பரோட்டா கடை நாய் ஒன்று காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒருவர் நாயைக் கும்பிட்டே விட்டார்.

சுவாமிகள் லேசுப்பட்டவரா? "பைரவர். சாட்சாத் பைரவர் வந்துகீறாரு" என்று கண்ணை மூடினார். நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இசக்கி கொட்டகை மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து வந்து காரின் முன்னால் வைத்தாள். காந்திமதி மறுபடி அமுக்கி காரை எழுப்பி, இன்னொரு முறை தாழ்த்தினார். கார் துடைப்பத்தையும் அதே மரியாதையோடு கும்பிட்டது.

"இது எந்த அவதாரம் சாமி?" என்று கேட்டாள் இசக்கி.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் கொட்டகையே சிரித்தது. தட்டு பாரம் தாங்காமலோ மனசு பாரம் தாங்காமலோ, பலராமன் அதைக் கீழே வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்த இரண்டாவது சாவியை எடுத்து வாழைப்பழத்தின் மேல் வைத்தார். "அம்மா, காரு சாமிக்கு வந்துட்டா, சம்பளம் ஒசத்தித் தர்றேன்னாரு" என்றார்.

ஏகாம்பரநாதன் முகம் சுண்டிப்போனது. இத்தனை பேர் முன்னால் முட்டாளாகி நிற்பது சுலபமில்லை. காந்திமதி சாவியை அவர் கையில் கொடுத்தார். அவர் பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினார். அவருடைய கார் அவருக்கே குனிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் வரிசை கட்டி ஆளுக்கொரு தடவை காரின் கும்பிடை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த அமளியில் சுவாமிகள் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே அவருடைய ஸ்கூட்டர். ஹெல்மெட்டை மாட்டி வார் இறுக்கியபோது, கட்டுப் போட்ட கையோடு மணிகண்டபிரபு எதிரே நின்றான்.

"சாமி, ஒங்க வண்டியில காப்பைக் காணுமே?"

"அவசரத்துல மறந்துட்டேன்பா."

"பிரேக்கு?"

"போன வாரம்தான் புதுசு போட்டேன்" என்றார் சுவாமிகள். வாய் தவறி வந்த அந்த ஒரு வாக்கியம்தான் அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே அருள்வாக்கு.

அதற்குள் கூட்டம் வந்து அவரை வளைத்துக்கொண்டது. போலீஸ் வரும் வரைக்கும் அவரைச் சும்மா உட்கார வைக்கவில்லை. ரோட்டோரம் நின்ற ஒவ்வொரு பைக்காகப் போய்க் காப்பை அவர் கையாலேயே அவிழ்க்க வைத்தார்கள். நட்டுகள் பஞ்சர் கடைக்கே திரும்பிப் போயின. மறுநாள் சுற்றுவட்டார மெக்கானிக்குகளிடம் பிரேக் ஒயர் தீர்ந்துபோனது.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பத்து நாள் கழித்து, காந்திமதி காரில் மாவு டிரம்மை ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு கனகலட்சுமி வந்தார்.

"காந்தி, வாலாஜாபாத்துல ஒரு சாமி வந்துகீறாராம். பொக்லைன் கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுதாம். போலாமா?"

காந்திமதி டிரம்மை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தார். "தாராளமா போய்ட்டு வாக்கா. கார் குனியறதுக்கு ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்க ஒரு ஆள் இருந்தான். அன்னிக்கு அத்தனை பேர் கழுத்தும் குனிஞ்சுதே, அதுக்குப் பட்டன் யார் கையில கீதுன்னு மட்டும் போற வழியில யோசிச்சுகினே போ."