பேர் அடிபடும் மாப்பிள்ளை

நல்லூர்,
ஆவணி 1993

அன்புள்ள மச்சான் இராசநாயகத்துக்கு,

நானும் உமது அக்கா நல்லம்மாவும் முருகன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். நீர் வெள்ளவத்தையில் மின்விசிறிக்குக் கீழே சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன்.

நீர் கொண்டுவந்த சம்பந்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை குகதாசன் லண்டனில் பெப்ரைட்டு இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறார், உலக விஞ்ஞானிகள் மத்தியில் அவர் பேர் அடிபடுகிறது என்று எழுதியிருந்தீர். அப்போதே எனக்குச் சந்தேகம். நான் விதானையாக இருந்து ஊர் வழக்குகளை விசாரித்த காலத்தில் பேர் அடிபட்டவர்கள் எல்லாரும் கோழி களவெடுத்தவர்களும் எல்லை வேலியை அடுத்தவன் காணிக்குள் அரக்கி வைத்தவர்களும்தான். உமது அக்காவோ அந்தச் சொல்லில் மயங்கி, கிணற்றடியில் சொல்லி, சந்தையில் சொல்லி, இப்போது என் சைக்கிளை மறித்து மாப்பிள்ளையை விசாரிக்காத ஆள் நல்லூரில் இல்லை.

பிறகு மாப்பிள்ளையின் தகப்பன் நமசிவாயம் ஒரு கட்டு அனுப்பினார். நாங்கள் கேட்டது சாதகம். வந்தது ஒற்றைப் பக்கச் சாதகமும், ஒரு குவியல் கட்டுரைப் பிரதிகளும். மகன் எழுதியவை கொஞ்சம். மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் மகனைக் குறிப்பிட்டவை மிச்சம். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எத்தனை தரம் எடுத்துச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் அந்த உலகத்தில் ஆளுக்கு மதிப்பாம். மகனின் பேர் வருகிற இடமெல்லாம் நமசிவாயம் சிவப்பு மையால் கோடு கீறியிருந்தார். இங்கே பொருளாதாரத் தடையால் பத்திரிகையே பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகிறபடியால், அந்த வழுவழுப்பான தாளை அயலட்டை முழுதும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

அதை வாசித்தவள் என் மகள் பத்மாவதி ஒருத்திதான். ரியூசனில் இரசாயனம் படிப்பிக்கிறவள் அல்லவா, விளக்கடியில் இருந்து வாசித்தவள் திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். “அப்பா, உவையள் ஒருத்தரும் மெச்சேல்லை. உவர் சொன்னபடி செய்து பாத்தம், வரேல்லை எண்டுதான் எல்லாரும் எழுதியிருக்கினம்” என்றாள். பெப்ரைட்டு என்பது அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோப்பதாம். இவர் கோத்த ஒழுங்கே பிழையாம். அந்த ஒரு பிழையைச் சொல்லத்தான் உலகம் முழுதும் இவர் பேரை எடுத்திருக்கிறது. நமசிவாயம் பெரிய ஆங்கிலம் படித்தவர். மகன் பேரைக் கண்டதும் கோடு போட்டாரே தவிர, வசனத்தை முடியும்வரை வாசிக்கவில்லை. மகன் வாங்கிக் கட்டிய இடங்களைத் தேடித்தேடி அடிக்கோடிட்டுப் பெண் வீட்டுக்கு அனுப்பிய தகப்பனை நான் இப்போதுதான் காண்கிறேன்.

பத்மாவதிக்கு வயது போகிறது என்று உமது அக்கா அழுகிறாள். எனக்கும் அதே கவலைதான், மறைக்கவில்லை. நான் கண்ணை மூடினால் இந்தக் காலத்தில் அவளுக்கு யார்? அதற்காக, உலகமே பிழை என்று சொல்லியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிற ஒருவருக்கு அவளைக் கொடுக்க முடியாது. நாளைக்குச் சோற்றில் கல் கடிபட்டாலும் அதை அரிசி என்றுதான் சாதிப்பார். சம்பந்தம் சரிவராது என்று நமசிவாயத்திடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

உமது வீட்டில் எல்லாரையும் நல்லூரான் காக்கட்டும்.

இப்படிக்கு,
உம்மேல் கோபமும் அன்பும் குறையாத அத்தான்
சீவரத்தினம்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிட்டு, முகூர்த்தத்துக்கு நாள் பாரும். வேறு கடிதம் எழுதப் பொழுதில்லை. இதை மாப்பிள்ளை கையில்தான் கொடுத்துவிடுகிறேன். அதனால் பசையை இரண்டு தரம் பூசி ஒட்டுகிறேன். நேற்று நான் கடிதத்தை மடிக்கிற நேரம் குகதாசன் படலையில் வந்து நின்றார். லண்டனிலிருந்து கொழும்பில் வந்து இறங்கி, தகப்பன் மறித்தும் கேளாமல், பெண்ணைப் பார்க்கவென்று கடற்படை சுடுகிற கிளாலிக் கடனீரேரியால் வள்ளம் ஏறி வந்திருக்கிறார், முழங்கால்வரை சேறு. நான் முகம் கொடுக்கவில்லை. பத்மாவதி தேத்தண்ணீரை வைத்துவிட்டு நேரே அந்தப் பிழையைக் கேட்டாள். “ஓம், அது என்ரை பிழைதான். அடுத்த வருசமே திருத்தம் எழுதி அச்சிலை போட்டனான். அதை ஒருத்தரும் எடுத்துச் சொல்லேல்லை. அதாலைதான் அப்பா உங்களுக்கு அனுப்பின கட்டுக்குள்ளை அதை வைக்கேல்லைப் போல” என்றார். பத்மாவதி சம்மதம் என்றுவிட்டாள். அடுப்படிக்குக் கூப்பிட்டு, பிழை விட்ட ஆளையா கட்டப்போகிறாய் என்று கேட்டேன்.

“பிழையை ஒத்துக்கொண்ட ஆம்பிளையை இந்த வீட்டிலை இண்டைக்குத்தான் காணுறன், அப்பா” என்றாள்.

உமது அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே “ஓம்” என்றாள்.