கார்ட் காக்காவின் பயம்

கிழக்குக் கரை முழுக்கத் தேடினாலும் கார்ட் காக்காவைப் போலப் பயந்த மனிசன் கிடைக்கமாட்டார். கொம்பியூட்டர் திருத்துவது தொழில். ஆனால் கரண்டுக்குப் பயம். சுவிட்சை நான்தான் போட வேண்டும். அவர் வாசலுக்கு வெளியே நின்று, "புகை வருதா தம்பி?" என்பார். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்; கொம்பியூட்டர் கார்ட்டோடே திரிவதால் கார்ட் காக்கா. சொந்தப் பெயர் எனக்கே தெரியாது.

கல்முனையில் என் அச்சகத்தில் பழங்காலத்துக் கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. கலியாண அழைப்பிதழ் எழுத்துகளெல்லாம் அதற்குள்தான். வேகம் கூட்டுவதற்கென்று உள்ளே ஒரு கார்ட் சொருகியிருக்கும். அது இல்லாவிட்டால் ஒரு பக்கம் திறப்பதற்குள் மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிடும்.

சுனாமி என் அச்சகத்தில் மிச்சம் வைத்தது அந்தக் கொம்பியூட்டரைத்தான். அலைச் சத்தம் கேட்டாலே வியர்க்கிற காக்கா, கடற்கரை வீதிக்கு வந்து, சேற்றுக்குள்ளிருந்து கார்ட்டைக் கழற்றினார். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, உப்புத் தின்ற கபாசிட்டர்களை மாற்றினார். ஒவ்வொரு ஈயப் பொட்டு வைக்கும்போதும் ஒரு பிஸ்மி ஓதினார். கொம்பியூட்டர் உயிர்த்தது.

யுத்தம் முடிகிற காலத்தில், அதே கார்ட்டுக்கு இன்னும் வேகமான சிப் போடலாமென்று அவரே சொன்னார். இருவரும் கொழும்புக்குப் போய், சிப் வாங்கி, கார்ட்டிலேயே பொருத்தி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம்.

செக்பொயின்ட்டில் இறக்கினார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த சிப்பாய், வயர் தொங்கும் பச்சைத் தகட்டைக் கண்டதும் பின்னால் பாய்ந்தான். துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின.

யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். நான் வாய் திறக்குமுன் காக்கா என் காலை மிதித்தார்.

"மகே, சேர்." என்னுடையது என்கிறார்.

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் உள்ளே போனவர் எல்லோரும் வெளியே வந்ததில்லை. பஸ் போய்விட்டது. வீதியோரம் நின்று எனக்குத் தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினேன்.

பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில், பெட்டியும் கையுமாக வந்தார்.

"என்ன காக்கா நடந்த?"

"இது என்ன வேலை செய்யும் எண்டு கேட்டாங்க. தொடக்கத்திலிருந்து விளங்கப்படுத்தின. அவங்கட பெரியவர் நித்திரையாகிட்டார். மத்தவன் போ எண்டுட்டான்."

மறுநாள் கார்ட்டைக் கொம்பியூட்டருக்குள் பூட்டியதும் பக்கங்கள் சடசடவென்று விரிந்தன. அப்போதுதான் கேட்டேன்.

"ஏன் காக்கா உங்கட எண்டு சொன்னீங்க?"

"ஒனக்குப் புள்ளைகள் இரிக்கி தம்பி. எனக்கு இந்தப் பயம் மட்டும்தானே இரிக்கி."

அவருடைய கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிளேன்டீ கோப்பையை நான்தான் அவர் வாயருகே பிடித்தேன்.