இடியண்ணன் கேட்ட ஹார்மோன் ஏலம்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இதுவரை யாரும் மைக் வாங்காததற்கு ஒரே காரணம் எங்கள் இடியண்ணன்தான். அவர் மல்லிகை ஏலம் கூவினால் பல மைல் தள்ளி நத்தத்தில் மாங்காய் உதிரும். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை.

அப்படிப்பட்டவர் அறுபதை நெருங்கும்போது ஒருநாள் ஏலத்தின் நடுவில் அழுதுவிட்டார். சாணார்பட்டி விவசாயி ஒருவர் கொண்டுவந்த பூ வாடிக் கிடந்தது, யாரும் விலை கேட்கவில்லை. அண்ணனுக்குக் கூவவே வரவில்லை. "இடிக்கு வயசாயிருச்சு டோய்" என்று மார்க்கெட்டே சிரித்தது.

அதன்பிறகு அங்கே போகவே கூசினார். "சத்தம் போயிட்டா நான் யாருலே?" என்று என்னிடம் கேட்டார். வயதானால் ஆண்களுக்கு ஹார்மோன் குறையும், ஊசி போட்டால் பழைய கம்பீரம் திரும்பும் என்று செல்போன் வீடியோவில் எவனோ சொல்லியிருந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மதினியும் கூடவே வந்தார்.

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாயிற்று. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, "டெஸ்டோஸ்டீரான், அதான் நீங்க கேட்ட ஆண் ஹார்மோன், முந்நூத்தி இருபது" என்றார்.

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். "முந்நூத்தி இருபது ஒரு தரம். மேல கேளுங்கம்மா."

"இது ஏலம் இல்லங்கய்யா, ரிசல்ட்டு."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். நானூறுன்னு போட்டுக்கங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி உத்தரவு போடும், விரை அந்த ஹார்மோனைச் சுரக்கும். வயது ஏற ஏற உத்தரவும் சீராக வராது, வாங்குகிற இடமும் மந்தமாகும்.

"கூவுறவனுக்கும் அசதி, கேக்குறவனுக்கும் அசதி" என்றார் அண்ணன்.

"அதேதான். உங்க வயசுக்கு இந்த அளவு போதும். அழுகைய இது தலையில கட்டாதீங்க. நல்லாத் தூங்குங்க, நடங்க."

"அப்ப ஊசி?"

பக்கத்தில் இருந்த மதினி எழுந்துவிட்டார். "டாக்டரம்மா, கல்யாணம் ஆனதுல இருந்து போன வாரந்தான் மொத தடவையா இந்த மனுசன் என்னயப் பாத்து 'சாப்டியா'ன்னு கேட்டாரு. ஊசியப் போட்டுக் கெடுத்துறாதீங்க."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஊசி போடாமலே மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனார். இப்போதும் வாடிய பூவைப் பார்த்தால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கூவுகிறார். அந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் வியாபாரிகள் விலையை ஏற்றிக் கேட்கிறார்கள். சாணார்பட்டிப் பூவெல்லாம் இப்போது அவரிடம்தான் இறங்குகிறது.

சத்தம் எங்கேயும் போய்விடவில்லை. சாயங்காலம் நான் தெருமுனை திரும்பும்போதே, "ஏலே தம்பி, சாப்டியா?" என்று ஜன்னலெல்லாம் அதிரும். வழியில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தாலும், "இல்லண்ணே" என்றுதான் சொல்கிறேன்.