பசை அக்காவின் கடைசி அத்தியாயங்கள்

மரக்காணத்தில் எந்தக் கதாநாயகியையும் வேலையை விட விடாத ஒரே ஆள் பசை அக்காதான். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. 2005 மழைக்காலத்தில், நான் கெமிஸ்டாக இருக்கும் உப்புக் கம்பெனி ஆய்வகத்தில் ஸ்டார்ச் கரைசல் குறைய ஆரம்பித்தது.
2. அதே மாதம் நான் படித்த மூன்று நாவல்களிலும் கதாநாயகி கல்யாணத்துக்கு மறுநாளே வேலைக்குப் போனாள்.
3. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.
4. நான் கொடுத்த ராஜினாமாக் கடிதம் மேனேஜர் மேஜைக்குப் போனபோது ராஜினாமாவாக இல்லை.

மூன்றாவதைத் தவிர எல்லாவற்றுக்கும் காரணம் அக்கா.

அவர் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடமாகியும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டுமே அதன் உறையைக் கழற்றினார். மழை வந்தால் உப்புப் பாத்திகள் எல்லாம் ஏரியாகிவிடும். ஆபீஸில் கொட்டாவி மட்டும்தான் உற்பத்தியாகும். அந்த மாதங்களில் அக்கா மாத நாவல் படிப்பார். வேலை தேடும் பெண்கள், லஞ்ச் டப்பாவைப் பங்கு போடும் தோழிகள், லிஃப்டில் மோதிக்கொள்ளும் காதல் என்று எல்லாமே சிரிப்புக் கதைகள். அக்கா வாய்விட்டுச் சிரித்தபடியே வருவார். கடைசி அத்தியாயத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

"தொண்ணூறு பக்கம் பஸ்ஸு பின்னாடி ஓடுறா. கடைசிப் பக்கத்துல அவன் 'நீ இனிமே வேலைக்குப் போவாதே'ங்கறான். இவ தலையைக் குனிஞ்சுக்கறா. இன்னாத்துக்கு ஓடுனா இவ?"

கேட்டுவிட்டு அந்த அத்தியாயத்தைக் கிழித்தெறிவார். புதிதாக ஒன்றை டைப் அடித்து ஒட்டுவார். அக்காவின் முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "நீங்க வீட்ல இருங்க, நான் போய்ட்டு வர்றேன்" என்று கதாநாயகி டிபன் பாக்ஸை எடுப்பாள். பஸ் வரும். உள்ளே தோழி ஒருத்தி பக்கத்து சீட்டில் இடம் போட்டு வைத்திருப்பாள். சுபம்.

பழைய லாரி லோடு ஃபாரங்களின் பின்பக்கத்தில் அடிப்பதால், காதலன் கண்கலங்கும் இடத்தில் தாளைத் திருப்பினால் 'லாரி எண், டிரைவர் கையொப்பம்' என்றிருக்கும்.

குற்றம் ஆய்வகத்தில்தான் பிடிபட்டது. உப்பில் அயோடின் சோதிக்க நாங்கள் ஸ்டார்ச் கரைசல் வைத்திருப்போம். அயோடின் பட்டால் அது நீலமாகிவிடும். ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்த நாவல் மேல் ஒரு சொட்டு அயோடின் விழுந்தது. கடைசி அத்தியாயத்தின் ஓரம் பளிச்சென்று நீலமானது. நேராக டைப்ரைட்டர் மேஜைக்குப் போனேன்.

"அக்கா, என் ஸ்டார்ச்சை எடுத்தீங்களா?"

"டீ ஸ்டவ்ல சுண்டக் காய்ச்சினேன் கெமிஸ்ட்டு. மைதாவைவிட நல்லாப் புடிக்குது. இன்னும் கொஞ்சம் கெட்டியா கலக்கேன்."

அடுத்து என் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் கூனிமேடு, வேலை புதுச்சேரியில் ஒரு மோட்டார் பம்ப் கடையில். நிச்சயத்தன்று அவர் அம்மா, "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு வெயில்ல நின்னு உப்பு அளக்கணுமா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டிவிட்டேன். அன்று வீட்டில் ஒரு தாளை இரண்டாக மடித்து, வேலையை விடாமலிருக்கக் காரணங்களை ஒருபக்கம் எழுதினேன், பதினொன்று வந்தன. மறுபக்கம் ஒன்றே ஒன்று: 'தலையாட்டிவிட்டேன்.' அதுதான் ஜெயித்தது.

ராஜினாமாவை எழுதி டைப் அடிக்கக் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முடிவு சரியில்ல கெமிஸ்ட்டு."

"இது கதை இல்லக்கா, லெட்டர்."

"லெட்டருக்கு முடிவு கெடையாதா?"

ஆனாலும் அடித்துக் கொடுத்தார். இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். "குடு, நானே சார்கிட்ட வெச்சுடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள் லீவா? பத்து நாள் பத்தாதா?"

கடிதத்தைப் பார்த்தேன். முதல் பத்தி என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. நடுவில் 'என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு' என்றிருந்த இடம் லேசாகப் புடைத்திருந்தது. சோதிக்க அயோடின் தேவைப்படவில்லை.

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"பதினஞ்சே இருக்கட்டும் சார்" என்றேன்.

வெளியே வந்து அக்கா முன்னால் நின்றேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

அவர் ரிப்பனைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "நான் ஒரு தபா எழுதிக் குடுத்தவதான்டி. திரும்ப இந்தச் சேர்ல வந்து உக்கார ஒம்போது வருஷம் ஆச்சு."

அன்றைக்கே பூத்திலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"நான் வேலையை விடலீங்க."

"லெட்டர் குடுக்கப் போறேன்னு சொன்னியே?"

"குடுத்துட்டேன். அதுல லீவுன்னு இருக்குது."

பின்னால் கடையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

மாத நாவல் என்றால் வருங்கால அத்தைக்கு உயிர் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒட்டுப்போட்ட மூன்று நாவல்களோடு கூனிமேட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. புத்தகங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து ஆபீஸுக்கு அத்தையின் போன் வந்தது.

"பொண்ணுங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காளுங்க. வேலைக்குப் போனா ஒண்ணும் கொறஞ்சுடல. ஆமா, கட்டிக்கப் போறவன் அழுவுற எடத்துல டிரைவர் கையெழுத்து எதுக்கு?"

"அது... பிரஸ்ல ஏதோ தப்புங்க அத்தை."

"சரி, போ. வெயிலுக்குக் கொடை எடுத்துக்கோ."

கல்யாணம் முடிந்து பதினாறாம் நாள் காலை, டிபன் பாக்ஸும் குடையுமாகக் கூனிமேடு ஸ்டாப்பில் நின்றேன். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ் வந்தது. கூட்டம் பிதுங்கியது. ஜன்னலோரத்தில் பசை அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில், யாரும் உட்காராதபடி ஒரு மாத நாவல் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

இன்றும் அதே வேலை, அதே பஸ். ஸ்டார்ச் மட்டும் இப்போது இரண்டு பாட்டில் கலக்குகிறேன்.