‘ஹவெவர்’ வாங்கித் தந்த கேக்

ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. பயந்து பயந்து நாலு வார்த்தை பேசுவார், கையைக் காலை ஆட்டுவார், காரியம் முடிந்துவிடும். ‘உனக்கு ஆங்கிலம் நன்றாக எழுத வரும்’ என்று ஒரு பரீட்சை சான்றிதழ் கொடுக்கிறதே, அதற்குப் பிறகுதான் ஆபத்து. அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த சூட்டோடு சூடாக நான் செய்த முதல் காரியம், இருந்த ஒரே வேலையை ராஜினாமா செய்தது. அதுவும் எனக்கே தெரியாமல்.

அப்போது நாங்கள் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில், ரஞ்சி அன்ரியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கிரானி ஃபிளாட்டில் குடியிருந்தோம். (பெயர்தான் ஃபிளாட். அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டே கட்டிலில் உட்காரலாம்.) ஹோட்டல் சமையலறைகளுக்குப் புகைபோக்கிக் குழாய் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வரைபடம் போடும் வேலை. என் விசா முடிய அதிக நாள் இல்லை. கணவர் முரளியின் விசாவும் என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இருவரும் இங்கேயே இருக்க ஒரே வழி, ‘இந்தப் பெண் எங்களுக்கு வேண்டும்’ என்று என் கம்பெனி அரசாங்கத்திடம் நாமினேஷன் போட வேண்டும். இல்லையென்றால் மதுரைக்கு டிக்கெட்.

நாமினேஷனுக்கு முன்னால் ஆங்கிலப் பரீட்சை. அதில் எழுத்துத் தாள் என்னை மட்டும் தனியாகக் கவனித்து, கவனித்து, தோற்கடித்துக்கொண்டிருந்தது. ரஞ்சி அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். தன் கராஜில் காரை வெளியே தள்ளிவிட்டு, நாலு நாற்காலி போட்டு, பரீட்சைக்குக் கோச்சிங் நடத்திக்கொண்டிருந்தார். என் கட்டுரையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பிள்ளை, நீர் எழுதுறது பிழையில்லை. ஆனா ஒண்டோட ஒண்டு ஒட்டேல்லை. இணைப்புச் சொல் போடும். மோரோவர், ஃபர்தர்மோர், ஹவெவர், நெவர்தலெஸ், கடைசியில இன் கன்க்ளூஷன். இந்த ஒழுங்கை நெட்டுரு போட்டுட்டீர் எண்டால் பாஸ்தான்.”

போட்டேன். குளிக்கும்போது போட்டேன், ரயிலில் போட்டேன், தாளிக்கும்போது போட்டேன். சொல்லுக்கு என்ன வேலை என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. வரிசை தப்பக் கூடாது, அவ்வளவுதான். பரீட்சையில் பாஸானேன். ஒரு கட்டுரைக்குள் அத்தனை மோரோவரைப் பார்த்துத் திருத்தியவரே களைத்துப்போய் மார்க் போட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. இனி நான் எழுதினால் ஆஸ்திரேலியாவே எழுந்து நிற்கும் என்று நினைத்தேன்.

என் முதலாளி கிரெய்க் நல்ல மனிதர். ஆனால் ஓரிடத்தில் நிற்க மாட்டார். “உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்று இழுத்தேன். “ஈமெயில் போட்டுடு மீனா” என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார்.

எடுத்த எடுப்பில் ஒரு மனிதரிடம் போய் ‘எனக்கு இது வேண்டும்’ என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? நம் வீட்டில் அப்படியா வளர்த்தார்கள்? முதலில் நலம் விசாரித்து, நன்றி சொல்லி, அப்புறம் தயங்கி, அப்புறம் மென்று விழுங்கித்தானே கேட்க வேண்டும்? அதன்படியே எழுதினேன்.

‘நீங்கள் தந்த வாய்ப்புக்கு மனமார்ந்த நன்றி. மோரோவர், உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன். ஃபர்தர்மோர், இங்கே எல்லோரும் எனக்குக் குடும்பம் போல. ஹவெவர், என் விசா விரைவில் முடிகிறது. நெவர்தலெஸ், உங்கள் அன்பை என்றும் மறக்க மாட்டேன். இன் அடிஷன், நாமினேஷன் குறித்து யோசிக்க இயலுமானால் மகிழ்வேன். ஆன் தி அதர் ஹேண்ட், இயலாவிட்டாலும் புரிந்துகொள்வேன். இன் கன்க்ளூஷன், இங்கே பணியாற்றிய காலம் என் வாழ்வின் பொற்காலம்.’

இது சுருக்கம்தான், முழு ஈமெயில் இரண்டு பக்கம். முரளி படித்துவிட்டுக் கண் கலங்கினார். “சூப்பர்டி. கலெக்டர் எழுதின மாதிரி இருக்கு” என்றார்.

மறுநாளே பதில் வந்தது. ‘சொன்னதற்கு நன்றி மீனா. முழுக்கப் புரிகிறது. வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடி உனக்காகச் சின்னதாக ஏதாவது செய்வோம்.’

முரளி உடனே மதுரைக்குப் போன் போட்டு, “கிடைச்ச மாதிரிதான்மா” என்று அறிவித்துவிட்டார். ரஞ்சி அன்ரி, “பாத்தீரோ, எல்லாம் நான் தந்த ஹவெவர்!” என்றார்.

ஆனால் ஆபீசில் என்னவோ சரியில்லை. கணக்குப் பார்க்கும் லியான் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். பக்கத்து மேசை டேவ், “உன் ஜன்னல் ஓரத்து இடத்தை நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டான். எனக்குத் தனி அறை தரப்போகிறார்கள் போல என்று நினைத்து, “தாராளமாக” என்றேன். (சிரிக்காதீர்கள். ஆசை யாரை விட்டது.) ஆனாலும் அன்று மாலை ரயிலில் வரும்போது கிரெய்க்கின் பதிலை மறுபடி எடுத்துப் படித்தேன். நாமினேஷன் என்ற சொல் அவர் பதிலில் எங்குமே இல்லையே? முரளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் தூங்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் லட்டு வாங்கிக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு போனேன். கூட்ட அறையில் கேக் இருந்தது. மேலே ‘குட் லக் மீனா’ என்று எழுதியிருந்தது. விசாவுக்குத்தான் வாழ்த்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாக எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அவர்களும் போகிறவள் கொடுக்கும் லட்டு என்று சோகமாக வாங்கிக்கொண்டார்கள்.

கிரெய்க் தொண்டையைச் செருமினார். “மீனா மாதிரி இன்னொருத்தர் கிடைக்கிறது கஷ்டம். திங்கட்கிழமை ஒருத்தரை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்கேன். இருந்தாலும் இவளுக்கு ஈடு இவள்தான். சரி மீனா, கடைசி நாள்னு எதை வெச்சுக்கலாம்?”

வாயில் போட்ட லட்டு வாயிலேயே நின்றுவிட்டது. ஊருக்குப் போன போன் ஞாபகம் வந்தது. மனப்பாடம் செய்த ஒரு சொல்கூடத் துணைக்கு வரவில்லை. மோரோவரும் போயிற்று, ஃபர்தர்மோரும் போயிற்று.

“நோ” என்றேன். லட்டுத் தூள் பறந்தது. “நோ கோ. ஐ ஸ்டே. விசா ஃபினிஷ். யூ சைன். ப்ளீஸ்.”

லியான் கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கிரெய்க் போனை எடுத்து என் ஈமெயிலைத் திறந்தார். விரலால் தள்ளித் தள்ளி, தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“நாமினேஷன்னு இங்க இருக்கு” என்றார் மெதுவாக. “நான் முதல்ல நன்றியைப் படிச்சேன். அப்புறம் ஹவெவர், விசா முடியுதுன்னு வந்துச்சு. சரி, நீ போறேன்னு நினைச்சு நேரா இன் கன்க்ளூஷனுக்குப் போயிட்டேன். அங்க பொற்காலம் முடிஞ்சுபோச்சுன்னு இருந்துச்சு.” பிறகு சிரிக்காமல், “என் அண்ணன்கிட்டப் பேசணும். கம்பெனியில பாதி அவருது. உன் வேலையில பாதியை வெளிய கொடுத்துடலாம்னு நேத்துதான் முடிவு பண்ணோம்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் என் மேசைக்குப் போனேன். அங்கே டேவ் ஏற்கெனவே தன் பூந்தொட்டியை வைத்திருந்தான். அவன் கூனிக் குறுகி அதை எடுத்துக்கொண்டு போனபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிரெய்க் போனில் பேசிக்கொண்டே நடந்தார். கையை ஆட்டினார். தலையைச் சொறிந்தார். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். முரளிக்கு என்ன சொல்வது, அவர் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். என் பிரிவுபசாரக் கேக்கை நானே தின்றேன். ருசி தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹவெவர் என்பது வண்டியில் இண்டிகேட்டர் போடுவது. போட்டால் பின்னால் வருகிறவர் நாம் திரும்பப்போகிறோம் என்றுதான் நம்புவார். நான் அத்தனை விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு நேராகப் போயிருக்கிறேன்.

கதவு திறந்தது. “இன்னொரு ஈமெயில் போடு மீனா. உனக்கு என்ன வேணுமோ அது முதல் வரியில இருக்கணும். அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பறேன்.”

பழக்க தோஷத்தில் ‘மோரோவர்’ என்று ஆரம்பித்து, அழித்தேன். ‘நான் இங்கேயே வேலை செய்ய விரும்புகிறேன். தயவுசெய்து என்னை நாமினேட் செய்யுங்கள்.’ அவ்வளவுதான். இத்தனை மொட்டையாக நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

நெடுநேரம் பதில் இல்லை. எல்லோரும் வேலை செய்வது போல நடித்தார்கள். பிறகு திரையில் ஒரு வரி வந்தது: ‘அண்ணன் சரி என்றுவிட்டார். பேப்பர்களைக் கொண்டு வா, மிச்சம் இருக்கிற லட்டையும்.’

மேசையில் தலையை வைத்து அழுதேன். லியானும் வந்து கூட அழுதாள். (அவளுக்கு அன்று அழுவதற்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது, அதை ஏன் வீணாக்க வேண்டும்?)

வீட்டில் கதையைக் கேட்டதும் முரளி கட்டிலில் சாய்ந்துவிட்டார். ரஞ்சி அன்ரி மட்டும் அசரவில்லை. “நான் சோதனைக்கெல்லோ சொல்லித் தந்தனான்? வேலைக்கும் அதையே எழுதச் சொல்லி ஆர் சொன்னது?” என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து அரட்டையடித்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “சரி பிள்ளை, இன் கன்க்ளூஷன். போட்டு வாறன்” என்பார். சொல்லிவிட்டு இன்னும் அரை மணி நேரம் நின்று பேசுவார்.

இன்றும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். அன்று கேக்கோடு கொடுக்கவென்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த ‘போய் வா மீனா’ அட்டை என் மேசை மேல் நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போய்ப் பார்ப்பார்கள்.

போன வாரம் என் மகள் நிலா பள்ளிக் கட்டுரையோடு வந்தாள். இணைப்புச் சொற்கள் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். “அம்மா, கேன் யூ செக் திஸ்?” என்று நீட்டினாள். ஆசையாகக் கையை நீட்டினேன். முரளி பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

“அம்மாகிட்ட மட்டும் குடுக்காதடா கண்ணு. அவ கை வெச்சா, நாளைக்கு உனக்குக் கேக் வெட்டி ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்க.”